கடல் கடந்தால் வேறு உரிமம்

பாறசாலை, கேரளத்தின் தென் எல்லையில் உள்ள ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் இந்தப் பகுதியில் பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். கடையிலும் அலுவலகத்திலும் மலையாளம் பேசுகிறார்கள்.

சாலையில் போகும் வண்டிகளின் எண்களைப் பாருங்கள். மார்த்தாண்டம் பக்கத்து வண்டியில் டி.என். 75 என்று இருக்கும். பாறசாலை வண்டியில் கே.எல். 19 என்று இருக்கும். நெய்யாற்றின்கரை வண்டியில் கே.எல். 20 என்று இருக்கும். வண்டி எண் மாறினாலும் ஓட்டுநர் உரிமம் மாறுவதில்லை. இந்தியாவில் எந்த மாநிலத்தில் வாங்கிய உரிமமும் நாடு முழுவதும் செல்லும்.

ஆனால் கடல் தாண்டிப் போனால் என்ன ஆகும்? அதைத்தான் இந்தப் பாடம் சொல்கிறது.

1. தம்பியின் ஆசை

பாறசாலைக்கு அருகே ஒரு கிராமம். அங்கே ஓர் ஆட்டோ ஓட்டுநர் இருந்தார். ஊரில் எல்லோரும் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள். வயது 29. ஆட்டோ ஓட்டவும் கார் ஓட்டவும் அவரிடம் உரிமம் இருந்தது. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்று விட்டது.

ஆட்டோ வருமானம் வீட்டுச் செலவுக்கே சரியாக இருந்தது. வீடு பாதியில் நின்றது. மகளுக்கு அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம். அந்த நேரத்தில் ஓர் ஆள் வந்தார்.

"துபாயில் டிரைவர் வேலை இருக்கு. ஒன்றரை லட்சம் கட்டினால் போதும். இங்குள்ள லைசன்சோடு ஒரு இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்க. அங்கே போன அன்றைக்கே வண்டி ஓட்டலாம்" என்றார் அவர்.

தம்பிக்கு மகிழ்ச்சி. மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கத் தீர்மானித்தார். மனைவி உடனே சரி என்று சொல்லவில்லை.

"பணம் கட்டுறதுக்கு முன்னால அந்தக் கடலாசை ஒருக்க பாக்கணும்" என்றார் அவர்.

மனைவி தினமும் மாலையில் தொடர்கல்வி மையத்துக்குப் போகிறவர். கடலாசைக் கையில் வாங்கினார். அது விசாவின் நகல். ஆங்கில எழுத்துகள். அவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். 'விசிட்' என்று வந்தது. அதன் பக்கத்தில் '60' என்ற எண் இருந்தது.

"இதுல வேலைன்னு ஒரு வார்த்தையும் இல்லியே. அறுபது நாளுன்னுதானே இருக்கு?" என்று கேட்டார்.

தம்பி பேசவில்லை. இருவரும் அன்று மாலையே மையத்துக்குப் போனார்கள்.

2. பாதி உண்மை

மையத்துக்கு ஒரு பெரியவர் வருவது வழக்கம். ஷார்ஜாவில் பதினெட்டு ஆண்டு வண்டி ஓட்டியவர். ஊர்க்காரர்கள் அவரை ஷார்ஜா மாமா என்பார்கள். தம்பி கடலாசை அவரிடம் நீட்டினார்.

"மாமா, எனக்க லைசன்ஸ் அங்க செல்லாதா?"

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மக்களே, அந்த ஆள் சொன்னதுல பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து" என்றார்.

பிறகு அவர் விளக்கினார்.

வெளிநாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் உண்டு. அங்கே தங்கி வேலை செய்யப் போகிறவரும் உண்டு. இருவருக்கும் சட்டம் ஒன்றல்ல.

சுற்றிப் பார்க்கப் போகிறவர் கொஞ்ச நாள் இருந்து திரும்பி விடுவார். அவருக்காகப் பல நாடுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்தன. 1949இல் ஜெனீவா நகரில் சாலைப் போக்குவரத்து பற்றி ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. அந்த ஒப்பந்தப்படி தருவதுதான் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. மக்கள் அதை இன்டர்நேஷனல் பெர்மிட் என்கிறார்கள்.

கோவளம் கடற்கரைக்கு வெள்ளைக்காரப் பயணிகள் வருகிறார்கள். சிலர் வாடகை ஸ்கூட்டரில் போகிறார்கள். அவர்கள் தங்கள் நாட்டு உரிமத்தோடு இந்த அனுமதியையும் வைத்திருக்க வேண்டும். அதே போலத்தான் நம் ஊரிலிருந்து துபாய்க்குச் சுற்றுலா போகிறவரும் இந்த அனுமதியோடு வாடகைக் கார் ஓட்டலாம்.

ஆனால் அங்கே தங்கி வேலை செய்கிறவர் பயணி அல்லர். அவர் அந்த நாட்டில் குடியிருப்பவர். குடியிருப்பு விசா பதிந்த பிறகு இந்திய உரிமமும் பன்னாட்டு அனுமதியும் அவருக்கு உதவாது. அந்த நாட்டு உரிமத்தை வாங்கித்தான் வண்டி ஓட்ட வேண்டும். சில நாட்டுக்காரர்கள் தங்கள் உரிமத்தைக் கொடுத்து நேராக அமீரக உரிமம் மாற்றிக் கொள்ளலாம். இந்திய உரிமத்தை அப்படி நேராக மாற்ற முடியாது. தேர்வு எழுதித் தேற வேண்டும்.

"அப்படின்னா விசிட் விசாவுல போய் வேலை செஞ்சா?" என்று மனைவி கேட்டார்.

"அது சட்ட விரோதம் பிள்ளே. பிடிச்சா அபராதம் உண்டு. திருப்பியும் அனுப்புவாங்க. சம்பளம் தராட்டாலும் கேக்க வழியில்ல" என்றார் பெரியவர்.

3. விபத்து நடந்தால்

தம்பிக்கு இன்னும் ஒரு நினைப்பு இருந்தது. "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டினா என்ன?" என்றார்.

பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

உரிய உரிமம் இல்லாமல் ஓட்டினால் அபராதமும் சிறையும் வரலாம். அது முதல் கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு. வண்டிக்குக் காப்பீடு இருக்கும். விபத்தில் ஒருவர் காயப்பட்டாலும் இறந்தாலும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும். ஆனால் ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்றால், அந்தப் பணத்தை நிறுவனம் அவரிடமே திருப்பிக் கேட்கலாம்.

வளைகுடா நாடுகளில் விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குத் தியா என்னும் இழப்பீடு உண்டு. அது ரூபாய்க் கணக்கில் பல லட்சம் ஆகும். அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் வழக்கில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

"உரிமம் என்பது போலீசுக்குக் காட்டுற அட்டை இல்ல மக்களே. உனக்கும் உனக்க பிள்ளைக்கும் உள்ள பாதுகாப்பு" என்றார் பெரியவர்.

4. நம் ஊரில் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுக்குப் போகும் முன் இந்திய உரிமம் சரியாக இருக்க வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவருக்கு அங்கே பயிற்சி மணி நேரம் குறையும். அதனால் அதற்கு மதிப்பு உண்டு.

நம் நாட்டு விதிகள் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ளன. 2019இல் அது திருத்தப்பட்டது.

கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாடகை வண்டி, லாரி போன்றவற்றுக்கு 20 வயது.

முதலில் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம்.

சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்ட உரிமம் வேண்டும் என்றால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி முன்பு இருந்தது. 2019இல் அதை நீக்கி விட்டார்கள். ஆனால் சாலைக் குறிகளைப் படிக்கத் தெரியாமல் யாரும் நல்ல ஓட்டுநர் ஆக முடியாது.

உரிமத்தில் முடிவு நாள் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது இது மறந்து போகும். முடிவு நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடியும் தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதே உரிமத்தை எடுத்துப் பாருங்கள்.

சுற்றுலாவாகப் போகிறவர் பன்னாட்டு அனுமதி வாங்கலாம். மோட்டார் வாகன அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய விதிப்படி கட்டணம் 1,000 ரூபாய். அது ஓராண்டு செல்லும். இந்திய உரிமம் அதற்கு முன்பே முடிந்தால் அனுமதியும் அன்றே முடியும். அனுமதியை மட்டும் கொண்டு போனால் போதாது. இந்திய உரிமமும் கையில் வேண்டும்.

5. அமீரகத்தில் உரிமம் வாங்கும் வழி

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏழு பகுதிகள் உள்ளன. துபாயும் ஷார்ஜாவும் அவற்றில் இரண்டு. ஒரு பகுதியில் வாங்கிய உரிமம் ஏழிலும் செல்லும். துபாயில் வழி இப்படி:

முதல் படி: குடியிருப்பு விசாவும் அடையாள அட்டையும் கிடைக்க வேண்டும்.

இரண்டாம் படி: கண் பரிசோதனை.

மூன்றாம் படி: அரசு அனுமதி பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயர் பதிய வேண்டும். இதை 'ஃபைல் திறப்பது' என்பார்கள்.

நான்காம் படி: சாலை விதிகள் பற்றிய வகுப்பும் தேர்வும். இந்தத் தேர்வு கணினியில் நடக்கும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். எனவே ஆங்கிலமோ அரபியோ தெரியாது என்று பயப்பட வேண்டாம். தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: மைதானத் தேர்வு. வண்டியை நிறுத்துவது, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்தி நகர்த்துவது ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும்.

ஆறாம் படி: சாலைத் தேர்வு. தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பலர் தோற்பது இங்கேதான்.

ஒரு தேர்வில் தோற்றால் மீண்டும் வகுப்பு, மீண்டும் கட்டணம். எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் திர்ஹம் ஆகும். 2023இல் துபாய் ஒரு சலுகையை அறிமுகம் செய்தது. சொந்த நாட்டு உரிமம் உள்ளவர் பயிற்சி வகுப்புகளுக்குப் போகாமல் ஒரே ஒரு முறை சாலைத் தேர்வை முயன்று பார்க்கலாம். தோற்றால் வழக்கமான பயிற்சிக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட விதிகள் அடிக்கடி மாறும். போன உடனே பயிற்சிப் பள்ளியில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக் காரில் தேறியவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. வேலைக்கு எந்த வண்டி என்று முதலிலேயே தெரிந்துகொண்டு அதற்குரிய தேர்வுக்குப் போக வேண்டும்.

சவுதி அரேபியா, ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளுக்குத் தனித்தனி விதிகள் உள்ளன. குவைத்தில் வெளிநாட்டினருக்குச் சம்பளம், படிப்பு, தங்கிய காலம் பற்றிய நிபந்தனைகளும் உண்டு.

"அங்க பெண்ணுங்க வண்டி ஓட்டலாமா?" என்று மையத்தில் ஒரு பெண் கேட்டார்.

"அமீரகத்துல ரொம்ப நாளாவே ஓட்டுறாங்க. சவுதியில மட்டும் தடை இருந்துது. அதையும் 2018 ஜூன் 24ஆம் நாள் எடுத்தாச்சு" என்றார் பெரியவர்.

6. கை மறக்க வேண்டியது

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகும். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். வளைகுடா நாடுகளில் இதற்கு நேர்மாறு. வண்டிகள் வலது பக்கம் போகும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும்.

ரவுண்டானாவிலும் மாற்றம் உண்டு. நம் ஊரில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறோம். அங்கே அதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உள்ளே சுற்றும் வண்டி நம் இடது பக்கமிருந்து வரும். அதற்கு வழி விட்ட பிறகே நாம் நுழைய வேண்டும். பத்து ஆண்டு ஓட்டியவரின் கண் பழக்கத்தால் வலது பக்கம்தான் பார்க்கும். அந்த ஒரு நொடியில் விபத்து நடக்கும்.

நம் ஊரில் அடிக்கடி ஹார்ன் அடிக்கிறோம். அங்கே அப்படி அடிப்பது குற்றம். கோட்டை மாற்றும் முன் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் தேர்வாளர் குறித்துக்கொள்வார். சாலை ஓரத்தில் கேமராக்கள் உள்ளன. தவறு செய்தால் அபராதத்தோடு கறுப்புப் புள்ளியும் விழும். அமீரகத்தில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமத்தை முடக்கி விடுவார்கள்.

7. பணம் கட்டும் முன்

பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இதைச் சொல்கிறது. இது ஒரு தொல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு வேலி. வேலை ஒப்பந்தம் சரிதானா என்று அரசு பார்த்த பிறகே ஆள் போகிறார். விசிட் விசாவில் அனுப்புகிறவர்கள் இந்த வேலியைத் தாண்டத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஆள் அனுப்பும் ஏஜென்டு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஏஜென்டு வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாய். அதோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கட்டினால் ரசீது வாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் தைக்காட்டில் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் உள்ளது. வெளிநாட்டில் வேலை செய்யும் கேரள மக்களுக்காக அரசு நடத்துவது. 1800 425 3939 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசிச் சந்தேகம் கேட்கலாம்.

கிளியரன்ஸ் வாங்கிப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். என்ன வேலை என்று எழுதியிருக்கிறது? ஓட்டுநர் என்றா, உதவியாள் என்றா? உரிமம் வாங்கும் செலவு யாருடையது? உரிமம் கிடைக்கும் வரை சம்பளம் உண்டா? இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

8. தம்பி என்ன செய்தார்?

தம்பி பணம் கட்டவில்லை. சங்கிலி வீட்டிலேயே இருந்தது. வந்த ஆளிடம் பதிவு எண் கேட்டார். அந்த ஆள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பதிவு பெற்ற ஒரு நிறுவனம் வழியாக ஷார்ஜாவில் ஒரு வீட்டில் ஓட்டுநர் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்றே இருந்தது. முதல் முறைத் தேர்வுச் செலவு முதலாளியுடையது என்றும் எழுதியிருந்தது. அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்கியவர் அவர் மனைவி.

சாலைத் தேர்வில் தம்பி இரண்டு முறை தோற்றார். முதல் முறை, ரவுண்டானாவில் வலது பக்கம் பார்த்தார். இரண்டாம் முறை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க மறந்தார். இரண்டாம் தேர்வுக்கும் மூன்றாம் தேர்வுக்கும் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டினார். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. அந்த மாதங்கள் கஷ்டமாகவே போயின.

மூன்றாம் முறை தேறினார். அன்று இரவு மனைவிக்குப் போனில் தமிழில் ஒரு செய்தி அனுப்பினார். "லைசன்ஸ் கிடைச்சாச்சு. 2 வருஷம் செல்லும்."

மனைவி அதை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரை எடுத்து, அந்த முடிவு நாளையும் தம்பியின் இந்திய உரிமத்தின் முடிவு நாளையும் அதன் பின்பக்கம் எழுதி வைத்தார். இப்போது அவர் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வுக்குப் படிக்கிறார்.

புதிய சொற்கள்

உரிமம் - லைசன்ஸ்
பழகுநர் உரிமம் - லேர்னர்ஸ் லைசன்ஸ்
பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி - இன்டர்நேஷனல் பெர்மிட்
காப்பீடு - இன்சூரன்ஸ்
இழப்பீடு - நஷ்ட ஈடு
ஒப்பந்தம் - உடன்படிக்கைக் கடலாசு

கேள்விகள்

1. சுற்றுலாப் பயணிக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் உரிம விதியில் என்ன வேறுபாடு?
2. "அந்தப் பாதிதான் ஆபத்து" என்று பெரியவர் ஏன் சொன்னார்?
3. உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன நேரும்?
4. ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டிய மூன்று வரிகள் எவை?

கணக்கு

ஏஜென்டின் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு வரி 5,400 ரூபாய். மொத்தம் எவ்வளவு? தம்பியிடம் கேட்ட தொகை 1,50,000 ரூபாய். எவ்வளவு அதிகமாகக் கேட்டார்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் யாரிடமாவது ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். பெயர், எந்த வகை வண்டி, முடிவு நாள் ஆகிய மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். முடிவு நாள் நெருங்கியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.